ஆஷ்பிப் பள்ளியாசிரியர் ஜான் பிரின்ஸ்லி: தாய்மொழிக் கல்வியும் அதன் எல்லையும்

ஆங்கிலத் திருச்சபையின் வரலாற்று நூல்களில் ஜான் பிரின்ஸ்லி என்னும் பெயரைத் தேடுவோர் பெரும்பாலும் ஏமாற்றமே அடைவர். பேராயர் ஜோசப் ஹாலைப் பற்றிய அதிகாரத்தில், அவருடைய சகோதரியை மணந்தவர் என்று ஒரு குறிப்பு, தூய்மைவாதிகளான பியூரிட்டன்மார் பட்ட இடுக்கண்களைக் கூறுமிடத்தில் மற்றொரு குறிப்பு, அவ்வளவே. கல்வி வரலாறு எழுதுவோர் இவருக்குச் சற்று விரிவான இடம் தருகின்றனர். ஆயினும் அவர்கள் இவரைப் பள்ளியாசிரியராக மட்டுமே கண்டு, இவர் ஒரு குருவாகவும் இருந்தார் என்பதை அடிக்குறிப்பில் தள்ளிவிடுகின்றனர். குருவையும் ஆசிரியரையும் பிரித்துப் பார்ப்பது இவரைப் பொறுத்தவரை பொருந்தாது என்பது நம் கருத்து. இவர் 1612-இல் வெளியிட்ட 'லூதுஸ் லித்தராரியுஸ்' என்னும் நூலையும், 1622-இல் வெளியிட்ட 'நம் இலக்கணப் பள்ளிகளுக்கு ஓர் ஆறுதல்' என்னும் நூலையும் அடுத்தடுத்து வைத்துப் படிக்கும்போது நம் உள்ளத்தை உறுத்தும் வினா ஒன்று எழுகின்றது. கற்பவனுடைய சொந்த மொழியே பிற மொழிக்கு வாயில் என்பதை முதல் நூலில் அவ்வளவு தெளிவாகக் கண்ட ஒருவர், பத்தாண்டுகளுக்குப் பின் எழுதிய இரண்டாம் நூலில் அதனைப் பிற இனத்தார்க்கு வழங்காமல் விட்டது எங்ஙனம்? இக்கட்டுரை அவ்வினாவை நோக்கியே செல்கின்றது.

முதலில் அவர் வாழ்ந்த இடத்தைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். இங்கிலாந்தின் நடுப்பகுதியில் லீஸ்டர்ஷயர் மாவட்டத்திலுள்ள ஆஷ்பி டி லா சூச் ஒரு சிற்றூர்ச் சந்தை நகரம். ஹண்டிங்டன் பிரபுக்களின் ஆதரவால் அங்கு 1567-இல் ஓர் இலக்கணப் பள்ளி தோன்றிற்று. மேரி அரசியின் காலத்தில் ஜெனீவாவுக்கு ஓடிப்போய், 1560-இல் வெளிவந்த ஜெனீவாத் திருமறையின் மொழிபெயர்ப்பில் பங்குகொண்ட அந்தோனி கில்பி அவ்வூரிலேயே பணியாற்றினார். அவருக்குப் பின் ஆர்தர் ஹில்டர்ஷாம் என்னும் புகழ்பெற்ற பிரசங்கியார், பேராயரின் அதிகாரிகளால் மீண்டும் மீண்டும் வாயடைக்கப்பட்டும், அவ்வூரைவிட்டு அகலாது நின்றார். பிற்காலத்தில் பேராயரான ஜோசப் ஹால் 1574-இல் பிறந்ததும் ஆஷ்பிக்கு அருகேதான். அவர் எழுத்துக் கற்றதும் அப்பள்ளியிலேதான். இத்தகைய சூழலுக்குள் வந்தவர் பிரின்ஸ்லி. கேம்பிரிட்ஜில் கிறைஸ்ட்ஸ் கல்லூரியில் பயின்று 1588-இல் எம்.ஏ. பட்டம் பெற்றவர். வில்லியம் பெர்க்கின்ஸ் அக்கல்லூரியில் ஆசிரியராய் இருந்த ஆண்டுகள் அவை. உதவி குருவாகத் திருப்பணி செய்த பின், 1600-ஆம் ஆண்டளவில் ஆஷ்பிப் பள்ளியின் தலைமையாசிரியரானார்.

ஒருவரே குருவாகவும் பள்ளியாசிரியராகவும் இருப்பது அக்காலத்தில் வியப்புக்குரியதன்று. 1604-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டங்களுள் மூன்று பள்ளியாசிரியர்களைப் பற்றியவை. 77-ஆம் சட்டத்தின்படி பேராயரின் உரிமப் பத்திரம் இன்றி எவரும் பள்ளி நடத்தலாகாது. 78-ஆம் சட்டம், ஓர் ஊரின் உதவி குரு தம் வருவாயைப் பெருக்கிக்கொள்ளும் பொருட்டுக் கற்பிக்க விரும்பினால், தகுதியுடையவராயின் பிறர்க்கு முன் அவருக்கே உரிமம் தரவேண்டும் என்கின்றது. 79-ஆம் சட்டமோ, ஆசிரியர் சிறுவர்களுக்கு ஞானோபதேசம் கற்பிக்கவும், அருளுரை நாட்களில் அவர்களை ஆலயத்துக்கு அழைத்துச் செல்லவும், திரும்பியபின் கேட்டவற்றைக் குறித்து வினாவவும் கடமைப்பட்டவர் என்று விதிக்கின்றது. எனவே வகுப்பறை ஆலயத்தின் ஒரு புறக்கட்டாகவே கருதப்பட்டது. ஆசிரியரின் பிழைப்பு பேராயரின் கையொப்பத்தில் தொங்கிக்கொண்டிருந்தது என்பதையும் நாம் மனத்திற் கொள்ளவேண்டும். பிரின்ஸ்லியின் வாழ்க்கையை உயர்த்தியதும் முறித்ததும் இவ்வேற்பாடே.

'லூதுஸ் லித்தராரியுஸ்' என்னும் பெயருக்கு 'எழுத்துப் பள்ளி' என்று பொருள். ஆயினும் 'லூதுஸ்' என்ற இலத்தீன்சொல் விளையாட்டையும் குறிக்கும். இவ்விரு பொருளையும் நூலாசிரியர் அறிந்தே வைத்தார் என்பதில் ஐயமில்லை. ஜோசப் ஹால் பாராட்டுரை வழங்கியிருக்கின்றார். நூல் முழுவதும் இரு பள்ளியாசிரியர்களுக்கிடையே நிகழும் உரையாடல். ஒருவர் பெயர் ஸ்பூதேயுஸ். கிரேக்கத்தில் ஊக்கமுள்ளவர் என்று பொருள். மற்றவர் பிலோபோனுஸ், உழைப்பை விரும்புகிறவர். ஸ்பூதேயுஸ் பல ஆண்டுகள் பாடுபட்டும் பயன் காணாது மனம் கசந்தவர். பெற்றோர் குறைகூறுகின்றனர், சிறுவர் வெறுக்கின்றனர், தாமே தம்மை வெறுக்கும் நிலைக்கு வந்துவிட்டார். பிலோபோனுஸும் முன்னர் அந்நிலையில் இருந்தவர்தாம். கற்றறிந்த பலரிடம் கேட்டும், நூல்களைப் படித்தும், தாமே செய்து பார்த்தும் சில வழிகளைக் கண்டுபிடித்தவர். இவ்வமைப்பில் ஒரு நயம் உண்டு. அறிவுரை கூறுபவர் மேடையில் நின்று கூறவில்லை. அதே சேற்றில் கால் வைத்தவராய்க் கூறுகின்றார். கல்வியைப் பற்றி எழுதும் குருமார் பலரிடம் காணக்கிடைக்காத பண்பு இது.

ஸ்பூதேயுஸ் கூறும் குறைகளே நூலின் உயிர்ப்பகுதி என்று நாம் துணிந்து கூறுவோம். பல்கலைக்கழகத்துக்குப் போகும் தறுவாயில் உள்ள மாணவனுக்குத் திருமறையில் அதிகார எண்ணையோ சங்கீதத்தின் எண்ணையோ பார்த்துச் சொல்லத் தெரியவில்லை என்று அவர் புலம்புகின்றார். இலத்தீன் செய்யுள் இயற்றக் கற்றவன் ரோம எண்களையும் பிற எண்களையும் கண்டு திகைத்து நிற்பதை நினைத்தால் நமக்கு நகைப்பு வருகின்றது. ஆனால் அவர் நகைக்கவில்லை. அவர் கூறும் மற்றொரு குறை இன்னும் ஆழமானது. இலக்கணப் பள்ளிக்கு வந்த நாள் முதல் சிறுவன் ஆங்கிலம் படிப்பதை விட்டுவிடுகின்றான். வீட்டில் கற்றுவந்த படிப்பும் சில மாதங்களில் மறந்துபோகின்றது. தந்தை வந்து, என் மகன் முன்பு திருமறையை வாசித்தான், இப்போது அதுவும் இல்லை, இதுவும் இல்லை என்று முறையிடுகின்றார். பிலோபோனுஸ் இக்குறையை முழுமையாக ஒப்புக்கொள்கின்றார். பள்ளியில் சேரும் சிறுவருள் பெரும்பாலோர் பல்கலைக்கழகம் காணப்போவதில்லை. அவர்கள் கைத்தொழிலுக்கும் வணிகத்துக்கும் போகிறவர்கள். அவர்களுக்கு உதவப்போவது தாய்மொழியே. படித்துப் பட்டம் பெறுவோருக்கும் தம் மொழியில் தூய்மையாகப் பேசவும் எழுதவும் தெரியாவிடில் ஏனையது வீண். ஆகவே ஒவ்வொரு நாளும் எல்லா வகுப்பிலும் தாய்மொழி வளரவேண்டும் என்று அவர் விதிக்கின்றார். இலத்தீன் ஒன்றே கல்வி என்று ஐரோப்பா முழுவதும் நம்பியிருந்த காலத்தில், பேராயரின் உரிமத்தை நம்பி வாழ்ந்த ஒரு சிற்றூர் ஆசிரியர் இதை அச்சிட்டு வெளியிட்டார்.

பள்ளியின் நாள் ஒழுங்கையும் அவர் வரையறுக்கின்றார். நாட்டுப்புறங்களில் ஏழு அல்லது எட்டு வயதில் சிறுவரைச் சேர்ப்பது வழக்கம்; ஐந்து வயதே தகுந்தது என்பது அவர் கருத்து. காலை 6 மணிக்குப் பள்ளி தொடங்கும். 9 மணிக்குக் கால்மணி நேர ஓய்வு. 11 மணிக்கு உணவுக்கு விடுதல். பிற்பகல் 1 மணிக்கு மீண்டும் கூடுதல். 3 மணியளவில் மற்றொரு சிறு ஓய்வு. மாலை ஐந்தரைக்குத் திருமறைப் பகுதி ஒன்றை வாசித்து, சங்கீதத்தின் இரு பகுதிகளைப் பாடி, ஆசிரியர் செபித்து முடிக்கவேண்டும். காலையிலும் பிற்பகலிலும் சிறுவரை வெளியே விடுவதற்கு எதிர்ப்பு இருந்தது போலும். வழியே போவோர் அவ்வேளையில் பார்த்துவிட்டு, இப்பள்ளியில் விளையாட்டைத் தவிர வேறொன்றும் நடப்பதில்லை என்று பேசுவார்களாம். இதற்கு பிலோபோனுஸ் தரும் விடை, அச்சிறு இடைவேளையால் இழக்கும் நேரம் சிறுவர் உற்சாகத்தோடு திரும்புவதால் ஈடாகிவிடும் என்பது. பள்ளி நடத்தும் சபைகளில் பொறுப்பு வகித்தோர்க்கு அந்தப் பேச்சு புதிதாய் இராது.

இனி அவருடைய முறையின் நடுத்தூணாகிய 'இலக்கண மொழிபெயர்ப்பை'ப் பார்ப்போம். இலத்தீன் வாக்கியத்தில் சொற்கள் அணிநயம் கருதி இடம் மாறி நிற்கும். எழுவாய் கடைசியில் வரும். பெயரடை பெயரைவிட்டு நெடுந்தொலைவில் கிடக்கும். சிறுவன் திக்கற்றுப் போவது இங்குதான். பிரின்ஸ்லி அவ்வாக்கியத்தை முதலில் இயல்பான இலக்கண வரிசைக்குக் கொண்டுவருகின்றார். செய்யுளுக்குப் பொருள் காணும் நம் மாணவர் சொற்களைக் கொண்டுகூட்டி உரைநடை வரிசையில் அமைத்த பின் பதவுரை கூறுவதை இங்கு நினைவிற் கொள்ளலாம். ஏறக்குறைய அதே செயல். அவ்வாறு வரிசைப்படுத்திய இலத்தீனுக்குச் சொல்லுக்குச் சொல் ஆங்கிலம் எழுதி, அந்த ஆங்கிலத்தை மட்டும் நூலாக அச்சிட்டார். சிறுவன் ஆங்கில நூலின் உதவியால் இலத்தீன் பாடத்தின் பொருளை அறிகின்றான். பிறகு இலத்தீன் நூலை மூடிவைத்து, ஆங்கிலத்தை மட்டும் பார்த்து இலத்தீனை மீட்டு உரைக்கின்றான். இறுதியாக அவ்விலத்தீனை மூல ஆசிரியர் வைத்த அணிநய வரிசைக்கு மாற்றுகின்றான். தான் செய்தது சரியா என்பதை மூலத்தோடு ஒப்பிட்டுத் தானே அறிந்துகொள்கின்றான்.

இம்முறையின் வேர் ரோஜர் ஆஸ்கம் எழுதி 1570-இல் வெளிவந்த 'பள்ளியாசிரியர்' என்னும் நூலில் உள்ள இருவழி மொழிபெயர்ப்பில் இருக்கின்றது. பிரின்ஸ்லி அதனை மறைக்கவில்லை. ஆனால் ஆஸ்கம் அரச குடும்பத்தாருக்கும் பிரபுக்களின் மக்களுக்கும் தனித்தனியே கற்பித்தவர். ஓர் அறையில் பல வகுப்புச் சிறுவரை வைத்துக்கொண்டு, துணையாசிரியர் ஒருவர் உண்டோ இல்லையோ என்னும் நிலையில் திண்டாடிய ஆசிரியருக்கு அம்முறையைக் கைக்கு எட்டுவதாக்கியவர் பிரின்ஸ்லியே. அதற்காக அவர் உழைத்த உழைப்பு பெரிது. 1612-இல் கேட்டோவின் நீதிமொழிகளும் சிறுவர்க்கான வாக்கியத் திரட்டும். 1614-இல் கொர்தேரியுஸின் உரையாடல்கள். 1616-இல் சிசரோவின் 'கடமைகள்' முதற்பகுதி. 1618-இல் ஓவிதின் 'உருமாற்றங்கள்' முதற்பகுதி. 1620-இல் வெர்ஜிலின் ஆயர் பாடல்கள் என அடுத்தடுத்து மொழிபெயர்ப்புகளை அச்சேற்றினார். அரசாணை பெற்ற லிலியின் இலக்கணத்தை வினாவிடையாக்கிய சிறு நூலும் அவருடையது.

சிறுவர் இதைப் பார்த்து எழுதிச் சோம்பேறிகளாகிவிடுவார்களே என்ற தடை அன்றே எழுந்தது. கையில் இருப்பது ஆங்கிலம்; கேட்கப்படுவது இலத்தீன்; பார்த்தெழுத அங்கே ஒன்றும் இல்லை என்பது அவர் விடை. அது சரியான விடையே. நம்முடைய குறை வேறு. உரைநடைக்கு இம்முறை நன்றாகப் பொருந்துகின்றது, கவிதைக்குப் பொருந்தவில்லை. ஓவிதின் வரிகளை இலக்கண வரிசையில் கிடத்திச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால், எஞ்சுவது எலும்பும் குறிப்புரையும். பிரின்ஸ்லிக்குக் கவிதையில் சுவை இல்லை என்றே நாம் கருதுகின்றோம். வெர்ஜிலைச் சிறுவரின் கையில் கொடுக்கும்போதும் அவர் கண் வினைத்திரிபின்மேலேயே இருக்கின்றது. கிரேக்கமும் எபிரெயமும் கற்பிக்கும் இறையியற் கல்லூரிகளுக்கும் இக்குறை அந்நியமன்று. சங்கீதத்தை முழுவதும் பகுபத ஆராய்ச்சி செய்து முடித்த மாணவன், அது ஒரு பாட்டு என்பதை மறந்துபோவதை நாம் கண்டிருக்கின்றோம்.

தண்டனையைக் குறித்து அவர் எழுதியது நம்மை இரு பக்கமும் இழுக்கின்றது. அடிக்கு அஞ்சிக் கற்பவன் கல்வியையே வெறுப்பான் என்பதை அவர் தயக்கமின்றிச் சொல்லுகின்றார். புகழ்ச்சி, ஒத்த திறமுள்ள இருவரை எதிரெதிரே நிறுத்திப் போட்டியிடச் செய்தல், தவறு செய்தோர் பெயரைக் கரும்பட்டியலில் எழுதி விளையாட்டு நேரத்தைக் குறைத்தல் என்று படிப்படியாக வழி காட்டுகின்றார். இதுவரை எல்லாம் நன்று. ஆனால் அதே அதிகாரத்தில், பிர்ச்சு மரத்து மிலாறு அல்லது வில்லோ மரத்து மெல்லிய மிலாறு என்று கூறி, அடங்காதவனை மூன்று நான்கு பெரிய மாணவர் பெஞ்சின்மேல் அமுக்கிப் பிடித்துக்கொள்ளவேண்டும், லாடம் அடிக்கும்போது முரட்டுக் குதிரைக் குட்டியைப் பிடிப்பதுபோல் பிடிக்கவேண்டும் என்று ஒவ்வோர் அசைவையும் விளக்குகின்றார். காலத்தின் வழக்கம் என்று கூறி இதனைக் கடந்துவிடலாம். அவ்வாறு கடந்துவிட நமக்கு மனமில்லை. அன்பை முதலில் வைத்தவர், அன்பு தோற்றுவிட்டால் செய்யவேண்டியதை முன்னதாகவே இவ்வளவு நுட்பமாகத் தயார் செய்து வைத்திருப்பது, முதலில் வைத்த அன்பின்மேல் அவருக்கு இருந்த நம்பிக்கையைப் பற்றியே ஐயம் எழுப்புகின்றது.

குருவாகிய பிரின்ஸ்லி தெளிவாக வெளிப்படுவது சமயக் கல்வியைப் பற்றிய அதிகாரத்தில். திருமறை வரலாறு வினாவிடையாக நாள்தோறும் கற்பிக்கப்படவேண்டும். ஓய்வுநாள் அருளுரையை ஒவ்வொரு சிறுவனும் தன் தரத்துக்கேற்பக் கொண்டுவரவேண்டும். எழுதத் தெரியாத சிறியவன் ஒன்றிரண்டு கருத்துகளை நினைவில் வைத்துச் சொன்னாற் போதும். அடுத்த நிலையினர் மூலவாக்கியத்தையும் முக்கியமான போதனைகளையும் எழுதிவரவேண்டும். மேல் வகுப்பினர் அருளுரையின் பிரிவுகள், ஒவ்வொரு பிரிவிலும் போதனை, அதற்குத் திருமறைச் சான்று, காரணம், வாழ்க்கைப் பயன் என்று முறையாக எழுதி, திங்கட்கிழமைக்குள் புத்தகம் பாராமல் ஒப்புவிக்கவேண்டும். 79-ஆம் சட்டம் கேட்டது, திரும்பி வந்தபின் சில வினாக்கள். பிரின்ஸ்லி கட்டியது ஒரு முழு பயிற்சிமுறை. போதனை, காரணம், பயன் என்னும் அடுக்கு பெர்க்கின்ஸின் பிரசங்கக் கலையிலிருந்து வந்தது என்பதை நம் வாசகர்கள் எளிதில் அறிவர். கேட்கும் சிறுவர்களை இவ்வாறு பழக்கிய ஊரில், பிரசங்கியாரும் எச்சரிக்கையோடு படியேறியிருப்பார். நம்முடைய அருளுரையை ஒரு பன்னிரண்டு வயதுச் சிறுவன் குறிப்பெடுத்தால் அவன் தாளில் என்ன எஞ்சும் என்று எண்ணிப் பார்க்கும் துணிவு நம்மில் எத்தனை பேருக்கு உண்டு? ஆயினும் ஒன்று சொல்லவேண்டும். பிரிவுகளாகப் பிரிக்க இயலாத அருளுரையும் உண்டு. உவமையாகவே நின்று உள்ளத்தில் வேலை செய்யும் அருளுரையும் உண்டு. ஆஷ்பிச் சிறுவனின் குறிப்பேட்டில் அதற்கு இடமில்லை.

பொதுமக்கள் பிரின்ஸ்லியை அறிந்தது பள்ளி நூல்களால் அன்று. 1606-இல் வெளிவந்த 'மெய்யான விழிப்பும் வாழ்க்கை விதியும்' என்னும் பக்தி நூலால். பத்துக் கட்டளைகளைக் கொண்டு தன்னைத்தான் சோதித்தறிய வழிகாட்டும் அந்நூல் பல பதிப்புகள் கண்டது. பின்னர் மேலும் சில பகுதிகள் சேர்ந்தன. அதன் நடை வறண்டது; ஆனால் வீட்டுத் தலைவனும் வேலைக்காரியும் படித்துப் பயன்படுத்தக்கூடிய எளிமை அதில் உண்டு. பள்ளியில் பாடத்தைச் சிறு வினாக்களாக உடைத்தவர், இங்கே மனச்சாட்சியைச் சிறு வினாக்களாக உடைத்திருக்கின்றார்.

அவருடைய வீழ்ச்சியைப் பற்றி நமக்குக் கூறுபவர் அவருடைய மாணவர் வில்லியம் லில்லி. 1613-இல் ஆஷ்பிக்கு வந்த இந்த லில்லிதான் பிற்காலத்தில் இங்கிலாந்தின் பெயர்பெற்ற சோதிடர். பியூரிட்டன் ஆசிரியரின் மாணவர் 1647-இல் 'கிறிஸ்தவ சோதிடம்' என்று நூல் எழுதியதை பிரின்ஸ்லி காண நேரவில்லை. லில்லி தம் முதுமையில் எழுதிய தன்வரலாற்றில், ஆசிரியர் ஒழுக்கத்தில் மிகக் கண்டிப்பானவர், பல மாணவரைப் பல்கலைக்கழகங்களுக்கு ஆயத்தம் செய்தவர், திருச்சபையின் சடங்குகளுக்கு முற்றும் இணங்காதவர் என்று கூறுகின்றார். லில்லியின் பதினெட்டாம் வயதில் பேராயரின் அதிகாரிகள் துன்புறுத்தியதால் பிரின்ஸ்லி பள்ளியை விட நேர்ந்தது. இலண்டன் சென்று அங்கே விரிவுரைப் பிரசங்கியாராக இருந்து இறந்தார் என்பதும் லில்லியின் கூற்றே. இருபது ஆண்டளவு அப்பள்ளியில் உழைத்த ஒருவர் கற்பித்தலில் குறைவுபட்டார் என்று எவரும் சொல்லவில்லை. சிலுவை அடையாளம், முழங்காற்படியிடல், வெள்ளங்கி முதலிய சடங்குகளைப் பற்றிய பூசல்களே அன்று தூய்மைவாதக் குருமாரை வெளியேற்றின. உரிமம் போனவுடன் வகுப்பறையும் போயிற்று. மைத்துனர் ஹால், டோர்ட் சங்கத்துக்குப் பிரதிநிதியாகச் சென்றவர், 1627-இல் எக்ஸிட்டர் பேராயரானார். தந்தை பெயரையே கொண்ட மகன் ஜான் பிரின்ஸ்லி தம் மாமனோடு டோர்ட்டுக்குச் சென்று, பின்பு யார்மவுத்தில் குருவாகி, 1662-இல் தாமும் இணங்க மறுத்துப் பணியிழந்தார்.

பள்ளியை இழந்த அந்த நிலையில் எழுதப்பட்டதே 'ஆறுதல்' நூல். அயர்லாந்து, வேல்ஸ், அமெரிக்காவின் வர்ஜினியா, பெர்முடா என்று அழைக்கப்படும் சோமர் தீவுகள் ஆகிய, அவர் கருத்தில் நாகரிகம் குன்றிய, இடங்களில் பள்ளிகளை நிறுவுவோருக்காக அது எழுதப்பட்டது. நூலின் பெரும்பகுதி எந்தப் பாடத்துக்கு எந்தப் புத்தகம் சிறந்தது என்னும் பட்டியலும் விளக்கமுமே. அதனால் அதனை விரைவாகப் புரட்டிவிட்டுப் போவோர் பலர். நமக்கு அதன் முன்பகுதியே முக்கியம். அங்கே பள்ளியின் நோக்கம் விரிகின்றது. அம்மக்களை நாகரிகத்துக்கும், ஆங்கில அரசனுக்குக் கீழ்ப்படிதலுக்கும், சாத்தானின் பிடியிலிருந்து கிறிஸ்துவுக்கும் கொண்டுவரப் பள்ளி வாயிலாகும். அதோடு ஆங்கில மொழியும் அவர்களிடையே தூய்மையாகப் பரவும். இந்நான்கும் ஒரே மூச்சில் கூறப்படுகின்றன. எது நற்செய்தி, எது அரசாட்சி என்று பிரித்துக் காட்ட அவருக்குத் தேவை தோன்றவில்லை.

இந்நூலின் கையெழுத்துப்படி 1621-ஆம் ஆண்டின் இறுதியில் வர்ஜினியக் கம்பெனியாரின் முன் வைக்கப்பட்டது. அதனைப் படித்துக் கருத்துக் கூறும்படி கேட்கப்பட்டோருள் ஒருவர் பாட்ரிக் காப்லண்டு. இவரால் இக்கதை நம் கடல்வரை நீள்கின்றது. ஸ்காத்லாந்தியரான காப்லண்டு கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பற் குரு. 1614-இல் வங்காள விரிகுடாப் பகுதியிலிருந்து ஓர் இளைஞனை இங்கிலாந்துக்கு அழைத்துச் சென்று ஆங்கிலமும் இலத்தீனும் கற்பித்தார். 1616 டிசம்பர் 22-ஆம் நாள் இலண்டனில் புனித தியோனிசியு ஆலயத்தில் அவ்விளைஞனுக்குத் திருமுழுக்கு வழங்கப்பட்டது. பேதுரு என்னும் பெயரைத் தேர்ந்தவர் ஜேம்ஸ் மன்னரே. தன் மக்களுக்குத் திருப்பணியாற்றுவான் என்ற எண்ணத்தோடு அடுத்த ஆண்டு அவன் காப்லண்டோடு கீழ்த்திசைக்குத் திரும்பினான். 1621-இல் ராயல் ஜேம்ஸ் என்னும் கப்பலில் தாயகம் திரும்பிய காப்லண்டு, உடன் வந்தோரிடம் ஏறக்குறைய 70 பவுண்டு திரட்டி, வர்ஜினியாவில் ஒரு பள்ளிக்கென்று அளித்தார். அதற்கு 'கிழக்கிந்தியப் பள்ளி' என்று பெயரிடப்பட்டது. 1,000 ஏக்கர் நிலமும் அதற்கென ஒதுக்கப்பட்டது. பிரின்ஸ்லியின் நூல் வழிகாட்ட வேண்டியிருந்தது இத்தகைய பள்ளிக்குத்தான்.

இங்கேதான் நம் வினா தன் முழு உருவத்தோடு நிற்கின்றது. ஆஷ்பியில் ஆங்கிலச் சிறுவன் இலத்தீனுக்குள் நுழைய ஆங்கிலமே வழி என்று பிரின்ஸ்லி கண்டார். அந்த நியாயப்படி அயர்லாந்துச் சிறுவனுக்கு ஐரிஷும், வேல்ஸ் சிறுவனுக்கு வெல்ஷும், வர்ஜினியச் சிறுவனுக்கு அவன் தாயின் மொழியும் வழியாக அமைந்திருக்கவேண்டும். 'ஆறுதல்' நூலில் அவ்வழி திறக்கப்படவில்லை. அங்கே கற்பிக்கும் மொழியும் ஆங்கிலம், கற்கவேண்டிய மொழிகளுள் முதலாவதும் ஆங்கிலம். ஆங்கிலச் சிறுவனுக்கு ஊன்றுகோலாக இருந்த மொழி, வர்ஜினியச் சிறுவனுக்கு ஏறவேண்டிய மலையாயிற்று.

காலத்தின் இருளைக் காரணம் காட்டி அவரை விடுவிக்க முயல்வோருக்கு நாம் சொல்ல வேண்டியது உண்டு. வெல்ஷ் மொழியில் திருமறையும் செபநூலும் வேண்டும் என்று இங்கிலாந்து நாடாளுமன்றமே 1563-இல் சட்டம் இயற்றியிருந்தது. 1567-இல் புதிய ஏற்பாடும், 1588-இல் வில்லியம் மார்கனின் முழுத் திருமறையும் வெல்ஷ் மொழியில் அச்சாகிவிட்டன. பின்னது பிரின்ஸ்லி கேம்பிரிட்ஜில் எம்.ஏ. பெற்ற அதே ஆண்டு. ஐரிஷ் புதிய ஏற்பாடும் பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே டப்ளினில் வெளிவந்தது. ஆகவே இரண்டு நாடுகளைப் பொறுத்தவரையில் மக்களின் மொழியில் திருமறை கையில் இருந்தது. நற்செய்தியைக் கேட்பதற்கு வெல்ஷ் போதுமாயின், பள்ளியில் பாடம் கேட்பதற்கு ஏன் போதாது? ஸ்பூதேயுஸ் இவ்வினாவைக் கேட்டிருந்தால் பிலோபோனுஸ் என்ன சொல்லியிருப்பார் என்று நாம் பலமுறை எண்ணியதுண்டு. 'ஆறுதல்' உரையாடலாக எழுதப்படவில்லை. குறுக்கே கேட்பதற்கு அங்கே ஸ்பூதேயுஸ் இல்லை.

காரணம் என்னவாக இருக்கலாம்? ஆஷ்பியில் அவர் சிறுவர்களை நேரில் பார்த்தார். எவன் எங்கே தடுமாறுகின்றான், எந்தத் தந்தை எதற்காக வருந்துகின்றார் என்பதெல்லாம் அவர் கண்முன் நிகழ்ந்தன. அந்தத் தடுமாற்றத்திலிருந்து அவர் முறை பிறந்தது. வர்ஜினியச் சிறுவன் ஒருவனையும் அவர் கண்டதில்லை. காணாத சிறுவனுக்காக எழுதும்போது அவருக்குத் துணை நின்றவை ஆட்சியாளரின் சொற்களே. மேலும், உரிமம் பறிக்கப்பட்டவர் அதிகாரிகளின் ஆதரவை நாடி எழுதினார் என்பதையும் நாம் மறுக்க இயலாது. அயர்லாந்தின் ஆட்சியாளரையும் வேல்ஸின் தலைவரையும் குடியேற்றங்களின் ஆளுநர்களையும் விளித்தே நூல் தொடங்குகின்றது. இதனை நாம் பழிப்பாகக் கூறவில்லை. வயிற்றுக்காக எழுதிய நல்ல நூல்களும் உலகில் உண்டு. ஆனால் அவரைச் சடங்குக்காக வெளியேற்றிய அதிகாரத்தின் முன் இணங்காதவர், மொழியைப் பொறுத்தமட்டில் அதே அதிகாரத்தின் எண்ணத்தைக் கேள்வியின்றித் தமதாக்கிக்கொண்டது வருத்தத்துக்குரியது.

அதே தலைமுறையில் வேறு வழியில் சென்றவரும் இருந்தனர். வில்லியம் பெடல் 1627-இல் டப்ளின் திரித்துவக் கல்லூரியின் தலைவரானபோது, குருத்துவத்துக்குப் பயிலும் மாணவர் ஐரிஷ் கற்க ஏற்பாடு செய்தார். 1629-இல் கில்மோர் பேராயரான பின், தாம் முதுமையை நெருங்கியிருந்தும் அம்மொழியைக் கற்று, பழைய ஏற்பாட்டை ஐரிஷில் பெயர்ப்பிக்கும் பணியை நடத்தினார். அவர் 1642-இல் இறந்தார். நூல் அச்சேறியது 1685-இல்தான். பெடலுக்குத் தம் சபையிலிருந்தே எதிர்ப்பு மிகுந்திருந்தது என்பதும் உண்மை.

வர்ஜினியப் பள்ளியின் முடிவைச் சொல்லவேண்டும். 1622 மார்ச் 22-ஆம் நாள், தங்கள் நிலத்தைக் குடியேறியோர் விழுங்கிவருவதைக் கண்ட பவ்ஹாட்டன் மக்கள் எழுந்து ஒரே நாளில் 347 குடியேறிகளைக் கொன்றனர் என்று கம்பெனியின் அறிக்கை கூறுகின்றது. அங்கே நிறுவப்படவிருந்த கல்லூரிக்குப் பொறுப்பாயிருந்த ஜார்ஜ் தார்ப் இறந்தோருள் ஒருவர். செய்தி கடல் கடந்து இலண்டனை அடையச் சில மாதங்கள் ஆயின. அதற்கிடையில் ஏப்ரல் 18-ஆம் நாள் காப்லண்டு இலண்டன் போ ஆலயத்தில் வர்ஜினியாவின் செழிப்புக்காகக் கடவுளுக்கு நன்றி கூறும் அருளுரை நிகழ்த்தினார். அது அவ்வாண்டே அச்சாயிற்று. பிரின்ஸ்லியின் 'ஆறுதல்' நூலும் அவ்வாண்டே வெளிவந்தது. கிழக்கிந்தியப் பள்ளி கட்டப்படவேயில்லை. பிரின்ஸ்லியின் கடைசி நூற்பகுதி 1624-இல் வந்தது. 'லூதுஸ்' 1627-இல் மறுபதிப்புப் பெற்றது. சார்லஸ் ஹூல் 1660-இல் எழுதிய கல்வி நூலில் அவருடைய முறைகள் மீண்டும் தலைகாட்டின.

காப்லண்டின் அருளுரையைத் தாங்கிய அச்சுநூலின் இறுதியில் அவருடைய பழைய மாணவர், வங்காள விரிகுடாக் கரையிலிருந்து சென்று பேதுரு என்று பெயர் பெற்றவர், எழுதிய கடிதங்கள் சேர்க்கப்பட்டுள்ளன. அவை நல்ல இலத்தீனில் எழுதப்பட்டவை.